பைலட் வேஷம்: எந்த நடிகரைப் பார்த்துப் பழகலாம்? (மதுரைக் குறும்படம்)

வைகைவடகரை:

எல்லாருக்கும் வணக்கம். 18 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எடுக்கப் போறோம். திருமங்கலத்துலயும் மதுரையிலயும் ஷூட்டிங். ரெண்டு பைலட் வேஷம் இருக்கு. ஒண்ணு ஏடிஆர்ங்கிற ப்ரொப்பெல்லர் விசிறி வெச்ச பயணிகள் விமானத்துல கோ-பைலட்டா இருக்கிற திருமங்கலத்துப் பொண்ணு. இன்னொண்ணு அவளோட பெரியப்பா. கார்கில் சமயத்துல போர் விமானம் ஓட்டினவர், ஃப்ளாஷ்பேக்ல 2 நிமிஷம் வர்றார். காக்பிட்டுக்குள்ள நடக்கிறது மொத்தமே 5 நிமிஷம்தான். ஆனா படமே அதை நம்பித்தான் இருக்கு.

நடிக்கிற ரெண்டு பேருக்கும் மேடை நாடகப் பழக்கம் உண்டு, விமானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பைலட்டா நடிச்சவங்க படங்களைப் போட்டுக் காட்டிப் பழக்கலாம்னு இருக்கோம். யாரைப் பார்க்கணும், அவங்ககிட்ட எதைக் கவனிக்கணும், யாரைப் பார்க்கவே கூடாது? செட்டுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கோம். அதுக்குள்ள காக்பிட் போட முடியுமா? யூனிஃபார்ம்ல ஏதும் வம்பு வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழையதிரை:

தம்பி, தமிழிலிருந்தே தொடங்குவோம். சிவாஜிக்கு இந்த வேடம் புதுசே இல்லை. 'பார்த்தால் பசி தீரும்' (1962) படத்தில் அவரும் ஜெமினியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானப்படைக்காரர்கள். 'சிவகாமியின் செல்வன்' (1974) இந்தி 'ஆராதனா'வின் தமிழ் வடிவம். ராஜேஷ் கன்னா செய்த அப்பா, மகன் இரட்டை வேடத்தைத் தமிழில் சிவாஜி செய்தார். அப்புறம் இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான 'பைலட் பிரேம்நாத்' (1978). மூன்றிலுமே காக்பிட் ஒப்புக்குத்தான் இருக்கும், யூனிஃபார்ம்தான் பேசும். பெரியப்பா வீட்டில் நடந்து வருகிற காட்சி, நாற்காலியில் உட்காருகிற காட்சி இருந்தால் 'சிவகாமியின் செல்வன்' பாருங்கள். தோளும் கழுத்தும் எப்படி நிற்கின்றன என்று அதில் கற்றுக்கொள்ளலாம். விமானத்துக்குள் கையை எங்கே வைப்பது என்பதை அவரிடம் தேடாதீர்கள்.

பெரியப்பா வேடத்துக்கு நேரான படம் 'காற்று வெளியிடை' (2017). அதே 1999 கார்கில் காலம். கார்த்தி ஸ்குவாட்ரன் லீடர். மீசையைக்கூட எடுத்துவிட்டு நடித்திருக்கிறார். அந்தப் பாத்திரத்தின் திமிர், பேச்சில் இருக்கிற அலட்சியம் எல்லாம் விமானத்துக்கு வெளியே நன்றாக வந்திருக்கும். 'ரங் தே பசந்தி' (2006) படத்தில் மாதவன் ஃப்ளைட் லெஃப்டினன்ட். மிக் போர் விமான விபத்தில் இறந்துபோகிற பாத்திரம், அதிக நேரம் வருவதில்லை. ஆனால் நண்பர்களோடு சிரித்துப் பேசும்போதுகூட அவர் உட்காருகிற விதம் தனியாகத் தெரியும். உங்கள் 2 நிமிட ஃப்ளாஷ்பேக்குக்கு அதுதான் அளவு.

பெண் பைலட்டுக்கு மலையாளத்தில் பார்வதி நடித்த 'உயரே' (2019). கதைக்காகவும் நடிப்புக்காகவும் கட்டாயம் பார்க்க வேண்டியது. கடைசியில் தரையிறக்குகிற காட்சியில் நாடகம் கொஞ்சம் தூக்கல். ஆனால் பதற்றத்தை முகம் முழுக்க ஓட விடாமல் அவர் அடக்குகிறாரே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜான்வி கபூரின் 'குஞ்சன் சக்சேனா' (2020) ஹெலிகாப்டர் கதை. பயிற்சிக் காலத்துத் தயக்கம் அதில் நன்றாக வந்திருக்கிறது. கை அசைவை மட்டும் காப்பி அடித்துவிடாதீர்கள். ஹெலிகாப்டரில் எல்லாமே வேறு: கேப்டன் உட்காருவது வலது பக்கம், இடது கை பக்கவாட்டில் இருக்கிற லீவரைத் தூக்கி இறக்கும். 'ரன்வே 34' (2022) படத்தில் ராகுல் ப்ரீத் கோ-பைலட், அஜய் தேவ்கன் கேப்டன். மூத்தவர் தப்பு செய்கிறார் என்று தெரிந்தும் சொல்ல முடியாமல் தவிக்கிற இளையவர். உங்கள் பெண் வேடத்துக்கு அது உதவும்.

பார்க்கவே கூடாதது என்று கேட்டதால் சொல்கிறேன்: 'பீஸ்ட்' (2022) படத்தில் விஜய் போர் விமானம் ஓட்டுகிற கடைசிப் பகுதி. விஜய் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். விமானப்படையில் இருக்கிறவர்களே அதைப் போட்டு இணையத்தில் கிண்டல் செய்தார்கள்.

---

தெற்குமாசி:

என்னண்ணே, நம்ம சோழவந்தான் ஆளை விட்டுட்டீங்க? 'சூரரைப் போற்று' நெடுமாறன்! சூர்யாவுக்குத் தேசிய விருதே கிடைச்ச வேஷம்.

---

பழையதிரை:

விடவில்லை, வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். நெடுமாறன் விமானப்படையிலிருந்து வந்தவர்தான். ஆனால் படம் முழுக்க அவர் விமான கம்பெனி தொடங்க அலைகிறவர். காக்பிட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற நடிப்பு அதில் குறைவு. அந்தக் கதைக்கு மூலமான ஜி.ஆர். கோபிநாத் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். ஏர் டெக்கான் 2003-ல் ஏடிஆர் விமானங்களை வைத்துத்தான் தொடங்கியது. உங்கள் பெண் ஓட்டுவதும் ஏடிஆர் என்பதால் விமானம் எப்படி இருக்கும் என்று பார்க்க அந்தப் படம் உதவும். சோழவந்தான் பேச்சுக்கும் உதவும். பைலட் நடிப்புக்கு உதவாது.

---

ரன்வேஜீரோநைன்:

படப் பட்டியல் போதும்ணே, இப்ப கைக்கு வருவோம். பைலட் வேஷம் பல்லிளிக்கிறதே கையிலதான்.

பொண்ணு கோ-பைலட், அதனால வலது சீட். வலது கை கன்ட்ரோல் வீல்ல, இடது கை நடுவுல இருக்கிற பவர் லீவர் பக்கம். கேப்டனுக்கு அப்படியே தலைகீழ். டாம் ஹாங்க்ஸ் நடிச்ச 'சல்லி' (2016) பார்த்துப் பழகுறவங்க இங்கதான் ஏமாறுவாங்க. அது ஏர்பஸ் ஏ320 விமானம். அதுல வீலே கிடையாது, ஜன்னல் ஓரமா சின்னதா ஒரு சைட்ஸ்டிக், முன்னாடி இழுத்து வைக்கிற மேஜை. ஏடிஆர்ல முழங்காலுக்கு நடுவுல வீல் நிக்கும். அதனால மடியில புத்தகம், டீ கப்புனு வைக்கிற காட்சி எழுதாதீங்க, வீல் இடிக்கும்.

'சல்லி'யில எடுத்துக்க வேண்டியது வேற. 2009 ஜனவரி 15 அன்னைக்கு நிஜத்துல விமானத்தை ஓட்டிக்கிட்டு இருந்தது கோ-பைலட் ஸ்கைல்ஸ். பறவை மோதி எஞ்சின் ரெண்டும் போனதும் கேப்டன் "மை ஏர்கிராஃப்ட்"னார், இவர் "யுவர் ஏர்கிராஃப்ட்"னு கையை எடுத்தார். அம்புட்டுத்தான். கத்தல் இல்ல, விளக்கம் இல்ல. அங்க இருந்து ஆத்துல இறங்குற வரைக்கும் 208 விநாடி. 155 பேரும் பிழைச்சாங்க. ஹாங்க்ஸும் ஆரன் எக்கார்ட்டும் அந்த இடத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிறதே கம்மி. கண்ணு மீட்டர்ல, பேச்சு மைக்ல. நாடகக்காரங்களுக்கு இது கஷ்டம். பேசுற ஆளைப் பார்த்தே பழகியிருப்பாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு அட்டையை மறைப்பா வெச்சு ஒத்திகை பாருங்க, நாலஞ்சு தடவையில பழக்கம் மாறிடும்.

இனி டேக்-ஆஃப். உங்க படத்துல ஒரு டேக்-ஆஃப் கண்டிப்பா இருக்கும்னு நினைக்கிறேன். பொண்ணுதான் ஓட்டுறதா வெச்சுக்குவோம். அப்ப ரேடியோவுல பேசுறது கேப்டன். ஓட்டுறவர் பேச மாட்டார், பேசுறவர் ஓட்ட மாட்டார். இதைத் தமிழ்ப் படம், இந்திப் படம் எல்லாத்துலயும் கோட்டை விடுவாங்க: ஹீரோவே ஓட்டி, ஹீரோவே பேசி, ஹீரோவே சுவிட்சும் போடுவார்.

வரிசை இதுதான். ரன்வேயில ஓட ஆரம்பிக்கும்போது கேப்டனோட இடது கை, முன் சக்கரத்தைத் திருப்புற சின்னப் பிடியில இருக்கும். வீலைப் பொண்ணு பிடிச்சிருக்கணும். "செவன்டி நாட்ஸ்"னு கேப்டன் சொல்வார், அந்தப் பிடியை விடுவார். ஆனா பவர் லீவர்ல அவரோட வலது கை இருந்துக்கிட்டே இருக்கும். பல கம்பெனிகள்ல டேக்-ஆஃபை பாதியில நிறுத்துற முடிவு கேப்டனுக்கு மட்டும்தான், அதனால கோ-பைலட் ஓட்டினாலும் லீவர்ல கேப்டன் கைதான். "வி-ஒன்"னு சொன்ன அந்த நொடி கையை எடுத்துடுவார். அதுக்கு மேல நிறுத்தினா ரன்வே பத்தாது, தூக்கியே ஆகணும். நிறுத்துற ஆசையே வரக்கூடாதுன்னுதான் கையை எடுக்கிறது. க்ளோஸ்-அப் வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது: லீவர், மேல ஒரு கை, "வி-ஒன்", கை விலகுது. அப்புறம் "ரொட்டேட்". பொண்ணு வீலை இழுக்கிறா. ஒரே இழுப்பா இழுக்கக் கூடாது, மெதுவா மூணு விநாடி எண்ணிக்கிட்டே இழுக்கணும். கேப்டன் "பாசிட்டிவ் ரேட்" (விமானம் மேலேறுதுனு அர்த்தம்), பொண்ணு "கியர் அப்" (சக்கரத்தை உள்ள இழுங்கனு அர்த்தம்), சக்கர லீவரைத் தூக்குறது கேப்டன். இந்த அஞ்சு சொல்லும் மொத்தம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.

ரேடியோ வசனம் இப்படி இருக்கட்டும். விமான கம்பெனி பேரு கற்பனையா வெச்சுக்கோங்க, மதுரைங்கிறதால 'மல்லி'னே போட்டுக்கிறேன்.

டவர்: "மல்லி டூ ஒன் ஃபோர், விண்ட் ஜீரோ செவன் ஜீரோ டிகிரீஸ் எய்ட் நாட்ஸ், ரன்வே ஜீரோ நைனர், க்ளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்."

கேப்டன்: "க்ளியர்ட் ஃபார் டேக்-ஆஃப், ரன்வே ஜீரோ நைனர், மல்லி டூ ஒன் ஃபோர்."

சொன்னதைத் திருப்பிச் சொல்லணும், கடைசியில கால்சைன், அதாவது விமானத்தோட ரேடியோ பேரு. வெறும் "ரோஜர்" போதாது. "ஓவர் அண்ட் அவுட்" எங்கயுமே வேண்டாம். மதுரை ரன்வே 09/27, கிழக்கு மேற்கா கிடக்குது. எந்த விமானமும் பெரும்பாலும் எதிர்காத்துலதான் ஏறும். அதனால காத்து கிழக்கேருந்துனு வசனத்துல வந்தா 09, மேற்கேருந்துனா 27. காத்து ஒண்ணு, ரன்வே ஒண்ணுனு எழுதிடாதீங்க. இன்னொண்ணு, அந்த டேக்-ஆஃப்ங்கிற சொல் அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் வாயில வரணும். அதுக்கு முன்னாடி "ரெடி ஃபார் டிபார்ச்சர்"தான். 1977-ல டெனரிஃப் ரன்வேயில ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் செத்ததுக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு.

ஏடிஆர் நிக்கிறதை வெளியே இருந்து காட்டுறதா இருந்தா ஒரு சங்கதி. பயணிகள் ஏறும்போது வலது எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும், ஆனா அந்தப் பக்க விசிறி பிரேக் போட்டு நிக்கும். மின்சாரமும் ஏசியும் அதுல இருந்துதான். விசிறி நிக்குதேனு எஞ்சின் சத்தத்தை எடிட்டிங்ல வெட்டிடாதீங்க.

---

கருடக்கொடி:

பெரியப்பா பகுதிக்கு நான் சொல்றேன்.

முதல்ல மாஸ்க். ஹீரோ முகம் தெரியணும்னு மாஸ்க்கைக் கழட்டித் தொங்கவிட்டே சண்டை போடுவாங்க சினிமாவுல. போர் விமானத்துல மைக் இருக்கிறதே அந்த மாஸ்க்குக்குள்ளதான். கழட்டினா ஆக்ஸிஜன் மட்டும் இல்ல, பேச்சும் போச்சு. தரையில நிக்கும்போது ஒரு பக்கக் கொக்கியைக் கழட்டித் தொங்கவிடலாம். ஓட ஆரம்பிச்சதும் மாட்டியாகணும்.

மாஸ்க் போட்டா நடிப்பு எங்க தெரியும்னு கேட்பாங்க. 'டன்கர்க்' (2017) படத்துல டாம் ஹார்டியைப் பார்க்கச் சொல்லுங்க. படத்துல பெரும்பகுதி நேரம் மாஸ்க்கோடதான் இருப்பார். கண்ணு போய் வர்ற வேகத்துலயே அவர் என்ன முடிவு எடுக்கிறார்னு புரிஞ்சிடும். அதுல அவர் ஓட்டுற ஸ்பிட்ஃபயர் ஒத்தை ஆள் போர் விமானம். அதனால ரெண்டு சீட் உள்ள யாக்-52 ஒண்ணை ஸ்பிட்ஃபயர் மாதிரி மாத்தி, நிஜ பைலட் ஓட்ட, நடிகரை உட்கார வெச்சு எடுத்தாங்க. 'டாப் கன்: மேவரிக்' (2022) இன்னும் ஒரு படி மேல. நடிகர்களை செஸ்னா 172, எக்ஸ்ட்ரா 300, எல்-39னு படிப்படியா ஏத்தி, கடைசியா எஃப்/ஏ-18 பின் சீட்டுல உட்கார வெச்சாங்க. காக்பிட்டுக்குள்ள 6 கேமரா. மேல போனதும் கேமராவை ஓட விட்டது, ஷாட் சரியானு பார்த்தது எல்லாம் நடிகர்களே. டாம் க்ரூஸுக்கே அந்தப் போர் விமானத்தை ஓட்ட கடற்படை அனுமதி கொடுக்கல. படத்துல அவர் நிஜமா ஓட்டுறது அவரோட சொந்த பி-51, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய விமானம்.

உங்களுக்கு அந்த வசதி இல்ல. திருப்பத்துல கன்னம் தொங்குறதை நடிச்சுக் காட்ட முடியாது. மூச்சை நடிச்சுக் காட்டலாம். விமானம் கூர்மையா திரும்பும்போது ரத்தம் தலையில இருந்து காலுக்கு இறங்கும். தடுக்க பைலட் செய்றது: தொடை, வயிறு ரெண்டையும் இறுக்கணும், மூச்சை இழுத்துப் பிடிச்சு மூணு விநாடி வைக்கணும், 'ஹிக்'னு சட்டுனு கொஞ்சம் விட்டு உடனே இழுக்கணும், மறுபடி மூணு விநாடி. திருப்பம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தலையைப் பின் தாங்கியில அழுத்தி வெச்சிருக்கணும். நடுவுல தலையைத் திருப்பினா கழுத்து பிடிச்சுக்கும். இந்த நேரத்துல வசனம் பேச முடியாது. "இந்த மண்ணுக்காக"னு ஆரம்பிக்கிற வசனம் எது இருந்தாலும் திருப்பத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ தள்ளுங்க. நடுவுல ஒரு சொல், ரெண்டு சொல். ஒரு எச்சரிக்கை: இந்த மூச்சைத் தொடர்ந்து செஞ்சா நடிக்கிறவருக்கு நிஜமாவே கிறுகிறுக்கும். ரெண்டு டேக்குக்கு ஒரு தடவை தண்ணி கொடுத்து உட்கார வைங்க.

கை: ஒத்தை ஆள் போர் விமானத்துல ஸ்டிக் முழங்கால் நடுவுல, வலது கை. த்ராட்டில் இடது பக்கச் சுவர் ஓரம், இடது கை. கார்கில்ல மிக்-21, மிக்-27, மிராஜ் 2000 எல்லாம் பறந்தது, எதை எடுத்தாலும் இந்தக் கை கணக்கு மாறாது. ஜி-சூட் (ரத்தம் காலுக்கு இறங்காம இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு) இடுப்புக்குக் கீழதான், கால்சட்டை மேல இன்னொரு கால்சட்டை மாதிரி இறுக்கமா. அதுல இருந்து ஒரு குழாய் இடது பக்கம் தொங்கும். பறக்கிற ஓவரால் மேல பதக்கம் குத்தாதீங்க, கண்ணை உறுத்தும்.

ஹெல்மெட் கண்ணாடியில கேமராவும் லைட்டும் அப்படியே தெரியும். கேமராவைச் சுத்திக் கறுப்புத் துணி போர்த்தி, லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை விடுங்க. அப்படியும் தெரிஞ்சா கண்ணாடியை ஏத்தியே எடுங்க, கண்ணு தெரியும்.

---

ஒளியும்நிழலும்:

25,000 போதும், முழு காக்பிட் கட்டணும்னு நினைக்காம இருந்தா. மூணு கோணம் மட்டும் முடிவு பண்ணுங்க: முன் ஜன்னல் வழியா ரெண்டு முகம், பக்கவாட்டுல ஒத்தை முகம், தோளுக்குப் பின்னாலிருந்து கையும் பேனலும். நாலாவது கோணம் கேட்டா இயக்குநரை வெளிய அனுப்பிடுங்க.

12 மிமீ ப்ளைவுட், எட்டுக்கு நாலு அடி ரெண்டு ஷீட். முன் ஜன்னல் சட்டத்தை அதுலயே அறுத்து மேட் கறுப்பும் சாம்பலும் அடிங்க. பளபளக்கிற எனாமல் வேண்டாம், லைட் அடிச்சுக் காட்டிக் கொடுத்துடும். கண்ணாடி போடவே வேண்டாம். கண்ணாடி இல்லைங்கிறது யாருக்கும் தெரியாது, இருந்தா எதிரொளிப்பு மட்டும் தெரியும். பேனலுக்கு சன்போர்டுல பிரிண்ட் ஒட்டி, கேமராவுக்குக் கிட்ட வர்ற ஒரு அடி இடத்துல மட்டும் நிஜ டாகிள் சுவிட்ச், வால்யூம் குமிழ் வைங்க. ஒரு முப்பது நாப்பது போதும். தள்ளி இருக்கிறது அவுட் ஆஃப் ஃபோகஸ்ல போயிடும். சீட்டுக்கு, வண்டி உடைக்கிற இடத்துல பழைய வேன் முன் சீட் ரெண்டு வாங்கி, தோள்பட்டையோட சேர்ந்த பெல்ட் தைச்சு மாட்டுங்க. தோள் பெல்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்; மேல போனதும் இடுப்பு பெல்ட் போதும். கன்டினியூயிட்டி பார்க்கிறவங்க இதைக் குறிச்சு வைங்க.

ஏடிஆர் 72-600ல முன்னாடி அஞ்சு திரை. ரெண்டு கம்ப்யூட்டர் மானிட்டரைப் பின்னாடி வெச்சு, சன்போர்டுல அஞ்சு சதுரம் வெட்டினா அஞ்சு திரை மாதிரி இருக்கும். ஃப்ளைட் சிமுலேட்டர்ல ஏடிஆர் ஓட்டிப் பதிவு பண்ணின வீடியோவை ஓட விடுங்க. இங்க வர்ற தப்பு: திரையில கறுப்புப் பட்டை மேலயும் கீழயும் ஓடும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர்ல எடுக்கிறீங்க, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்ல ஓடுது. மானிட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. மாறலைனா ஷட்டரை 1/60 ஆக்குங்க. மலிவான எல்இடி பட்டையில டிம்மர் போட்டாலும் இதே துடிப்பு வரும். டிம் பண்ணாம மேல பேப்பர் ஒட்டிக் குறைங்க.

வெளிய வானத்துக்குப் பச்சைத் திரை கட்டாதீங்க. வெள்ளைச் சட்டை ரெண்டும் பச்சையா மாறி எடிட்டிங்ல உயிரை வாங்கும். ஜன்னலுக்கு வெளிய ஆறு அடி தள்ளி வெள்ளை வேட்டித்துணி கட்டி, பின்னாலிருந்து லைட் அடிச்சு வெளுக்க விடுங்க. மேகத்துக்குள்ள போனா நிஜத்துலயும் அப்படித்தான் இருக்கும். விமானம் திரும்புறதைக் காட்ட செட்டை ஆட்ட வேண்டாம். ஒரு ஆள் கழியில லைட்டைக் கட்டி, ஒருத்தர் முகத்துல இருந்து இன்னொருத்தர் முகத்துக்கு மெதுவா நகர்த்தினா போதும். அதே நேரம் நடிகர்கள் உடம்பைச் சாய்க்கக் கூடாது. திருப்பத்துல உடம்பு சீட்டோடதான் இருக்கும், பஸ் மாதிரி பக்கவாட்டுல சாயாது.

ஹெட்செட்ல பெரும்பாலும் தப்பு பண்ணுவாங்க. மைக்கைத் தாடைக்குக் கீழ வெச்சு முகத்தை மறைக்காம பார்த்துக்குவாங்க. நிஜத்துல அது உதட்டு ஓரத்துல, ஒரு விரல் இடைவெளியில இருக்கும்; இல்லைனா இரைச்சல் உள்ள போகும். டப்பிங்ல ரேடியோ குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 3,400க்கு மேலயும் வெட்டிடுங்க. அடியில விசிறி இரைச்சலைத் தொடர்ந்து ஓட விடுங்க, ஷாட் மாறும்போது நிறுத்தாதீங்க.

---

வைகைவடகரை:

அருமைங்க எல்லாருக்கும். யூனிஃபார்மும் அனுமதியும்தான் பாக்கி. யூனிஃபார்ம் ரெண்டும் எங்க தைக்கிறது, அனுமதி யாருகிட்ட வாங்குறது?

---

பழையதிரை:

புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் போங்கள். திருவிழா வேடம், நாடக உடுப்பு எல்லாம் தைத்துப் பழகிய கைகள். படத்தைக் காட்டினால் போதும். கேப்டனுக்குத் தோளில் 4 பட்டை, கோ-பைலட்டுக்குப் பெரும்பாலும் 3. இறக்கைச் சின்னம் இடது மார்பில். தொப்பி காக்பிட்டுக்குள் கிடையாது, ஹெட்செட் எங்கே மாட்டுவது?

விமானப்படை உடுப்பில் கூடுதல் கவனம் வேண்டும். 2020 டிசம்பரில் 'ஏகே வர்சஸ் ஏகே' பட முன்னோட்டத்தில் அனில் கபூர் விமானப்படைச் சட்டையை வெளியே விட்டபடி வந்ததற்கும், பேசிய பேச்சுக்கும் விமானப்படையே கண்டனம் தெரிவித்தது. அவர் மன்னிப்பும் கேட்டார். அதே ஆண்டு 'குஞ்சன் சக்சேனா'வில் விமானப்படையைக் காட்டிய விதம் பற்றித் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் போனது. ராணுவம் சம்பந்தப்பட்ட படங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தடையில்லாச் சான்று வாங்கச் சொன்னதும் 2020 ஜூலையில்தான். உங்கள் 2 நிமிடத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஷாட் இடைவேளையில் அந்த உடுப்போடு டீக்கடைக்குப் போகவே கூடாது. படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்கிற நோக்கத்தில் அந்த உடுப்பைப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ன்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை. நடிப்புக்கென்று போட்டதுதான் என்றாலும் போலீஸாருக்கு நடுத்தெருவில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். மேலே ஒரு சட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்குள் எடுக்க விமான நிலைய ஆணையம், விமானப் பாதுகாப்புப் பணியகம் இரண்டின் அனுமதியும் வேண்டும். கட்டணம் தனி. குறும்படத்துக்குத் தாங்காது. விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பக்கம் ட்ரோன் பறக்க விடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

---

வைகைவடகரை:

கடைசியா ஒண்ணு. பெரியப்பாவா நடிக்கிறவருக்கு நல்ல தாடி. அடுத்த மாசம் நாடகம் இருக்கு, எடுக்க மாட்டேங்கறார். மாஸ்க் போட்டா மறைஞ்சிடும்ல?

---

கருடக்கொடி:

மறையாது. மாஸ்க் ஓரத்துல ரெண்டு பக்கமும் பிதுங்கும். மாஸ்க் ரப்பர் தோல்ல ஒட்டி உட்கார்ந்தாத்தான் ஆக்ஸிஜன் கசியாது. விமானப்படையில சீக்கியர்கள் மாதிரி மத காரணம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தாடிக்கு விலக்கு. மீசை இருக்கலாம், தாடி கூடாது. வீட்டுக் காட்சியில ஓய்வுபெற்ற பெரியப்பாவா அவர் தாடியோட வரட்டும், அதுல தப்பே இல்ல. ஃப்ளாஷ்பேக்ல மாஸ்க், ஹெல்மெட் போட்ட ஷாட்டுக்கு மட்டும் வேற ஆளைப் போடுங்க. நெத்தியில இருந்து மூக்குப் பாலம் வரைக்கும்தானே தெரியப் போகுது. புருவத்தோட அடர்த்தியும் கண்ணுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் ஒத்துப்போற ஆளா பாருங்க. ரெண்டு பேரையும் ஒரே லைட்ல ஃபோட்டோ எடுத்து, மூக்குக்குக் கீழ மறைச்சு வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.